சிவப்பு போகும்வரை கழுவிய கை

"ஐயம்பேட்டை. சாயம் என் தவறு. மறுபடி மூன்று நாள் பார்த்தேன், இல்லை."

மறைந்த என் அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் உள்ள வரி இது. மேலே 'ஆனி, செவ்வாய்' என்று மட்டும் எழுதியிருக்கிறார், ஆண்டு இல்லை. அவர் வேலையில் சேர்ந்த புதிதில் நடந்ததால் அறுபதுகளின் பிற்பகுதி என்று கொள்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில், பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அலசும் தண்ணீரில் நிறம் கசிந்தால் அப்பா அன்று சாப்பிட மாட்டார். அம்மா மறைந்தபின், கடைசித் தம்பியான என்னையும் சேர்த்துத் தம்பிகள் மூவரையும் பார்த்துக்கொண்டே பள்ளியிறுதி முடித்து, சென்னையில் பயிற்சி பெற்று, ஊரில் ஒரு டாக்டரின் சிறிய பரிசோதனைக் கூடத்தில் அக்கா சேர்ந்தார்.

காசநோய்க் கிருமியைக் காண, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவ வேண்டும். அந்தக் கிருமி மட்டும் சிவப்பை விடாது. மற்றவை வெளுத்து, அடுத்து ஊற்றும் நீலத்தை ஏற்கும். அக்காவின் கையோ அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது.

"ஏம்மா, இது இன்னா முகூர்த்தப் புடவையா? சாயம் போனா போவட்டும், நல்லா கழுவும்மா!" என்பாராம் டாக்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊர் ஐயம்பேட்டையிலிருந்து இருமலோடு வந்த பெண்ணின் தகட்டில் சிவப்புக் கோடுகளைக் கண்டு, கிருமி உண்டு என்று அக்கா எழுதிக் கொடுத்தார். வீட்டார் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து அன்றே பிரித்துவிட்டார்கள். மறுநாள் மனம் ஒப்பாமல் அதே தகட்டில் அக்கா மீண்டும் அமிலம் ஊற்றி, நீலமும் ஊற்றிப் பார்த்தார். சிவப்பு முழுவதும் போய்விட்டது.

ஆள் அனுப்பலாம் என்றார் டாக்டர். அக்கா தானே பஸ் ஏறிப் போய்த் தவற்றைச் சொன்னார். அந்தப் பெண்ணின் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "கொழந்த பாலுக்கு அழுதுக்கினு இருக்குது. நேத்து உண்டுன்ன, இன்னிக்கு சந்தேகம்ன்ற. இன்னா வெளாட்டும்மா இது?"

"மூணு நாள் காலைல சளி குடுங்கம்மா. நானே வந்து வாங்கிக்கிறேன், நானே வந்து சொல்றேன்."

செவ்வாயன்று போய்ச் சொன்னார்: "மூணுலயும் இல்லம்மா. தப்பு என் கையில. சாயத்தப் போக விடாம வளந்த கை."

"சாயக்கார வூட்டுப் பொண்ணா நீ! அதான் வுட மனசு வரல" என்று சிரித்த மாமியார், குழந்தையைத் தூக்கித் தாயின் மடியில் போட்டாராம்.

அதன்பின் தகடு வெளிர் ரோஜாவாகும்வரை கழுவாமல் அக்கா நீலப் புட்டியைத் தொட்டதில்லை. தம்பிகள் நாங்கள் மூவரும் படித்து வேலைக்குப் போனது அவர் உழைப்பால். கடைசி மாதங்களில் கஞ்சி காய்ச்சித் தந்த எதிர்வீட்டாருக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த அந்த டாக்டருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடிருக்கும்.

அக்காவின் பெட்டியில், பட்டுத் துணியில் சுற்றிய ஒரு கண்ணாடித் தகடு கிடைத்தது. பெயரோ தேதியோ இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, நீலம் மட்டுமே இருப்பதாகச் சொன்னார். அது ஐயம்பேட்டைத் தகடுதானா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.