பதினாறாவது கார்டு

பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் பதில் போட மாட்டார்கள். மூன்று கப்பல் தபாலை வீணாக்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. போங்கடா என்று அவர்களை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற ஆட்டக்காரர்களைப் பிடித்தேன்.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். வயது இருபத்துமூன்று. என்னோடு வேலை செய்த பெண்கள் தலையணை உறையில் மயில் பின்னிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஃபுட்பால் கார்டுப் பைத்தியம். கடையில் விற்கிற கார்டு எங்கள் தீவுக்கு ஏது? அபர்தீன் பஜாரில் ஒரு காயல்பட்டினத்து பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க மெயின்லாண்டிலிருந்து அவருக்குப் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். அதில் படம் தேடி, வெட்டி, செருப்புப் பெட்டி அட்டையில் ஒட்டினால் கார்டு. அதைக் கப்பலில் அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பாயும் என்னைப் போலத்தான். ஆனால் அவரிடம் இருந்தது ஒரே கார்டு. சரக்கெடுக்கக் கல்கத்தா போனபோது ஒரு பெரிய சென்டர் ஃபார்வர்டை மைதானத்து கேட்டில் மறித்து வாங்கிய கையெழுத்து. கண்ணாடி போட்டுத் தராசுக்கு மேலே மாட்டியிருந்தார். அரிசி வாங்க வருகிறவர்கள் எல்லாம் அதைத் தரிசித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

என் அணி கல்கத்தாவில் ஒரு சாதாரணக் கிளப். பாய் கடைப் பத்திரிகைக் கட்டுகளில் அதன் குரூப் போட்டோ இரண்டு பிரதி கிடைத்தது. பதினாறு பேர். தலை தலையாக வெட்டி ஒட்டி, ஒவ்வொருவருக்கும் பதில் கவரும் வைத்து அனுப்பினேன். அடேயப்பா, என்ன சந்தோஷம் அவர்களுக்கு! ஒருவர் நான்கு பக்கம் கடிதம் எழுதினார். இன்னொருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தமானுக்கு அனுப்பும்படி நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

பதினைந்து வந்துவிட்டது. பதினாறாவது ஆள் ரிசர்வ் கோல்கீப்பர். போட்டோவின் ஓரத்தில் நின்றதால் ஒரு காது அச்சிலேயே போய்விட்ட மனிதர். இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

"உன் ஆளுங்களை அவங்க வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியாது, தங்கச்சி" என்றார் பாய். கடையில் அப்போது நான்கு பேர் நின்றார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "பதினாறும் சேர்ந்தா உங்க ஆளை இறக்கிட்டு என் ஆளுங்களை மாட்டுவீங்களா?"

"டீக் ஹை, சரி. சேரட்டும் பார்க்கலாம்."

அடுத்த இரண்டு வாரம், போனால் வந்தால், "கோலி வந்தாச்சா?" என்று அந்த கோல்கீப்பரைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இரண்டாம் போட்டோவிலிருந்து அந்த ஒற்றைக் காதுக்காரரை வெட்டி ஒட்டி, நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சும்மா போடவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து, சுழித்து, உதைத்த பந்து மேலே போகிற மாதிரி முடித்தேன். அவ்வளவு அழகான கையெழுத்து அந்த அணியில் வேறு யாருக்கும் இல்லை.

பாய் சொன்ன சொல் தவறவில்லை. சென்டர் ஃபார்வர்டு இறங்கினார். என் பதினாறு பேரும் கண்ணாடிக்குள் ஏறினார்கள். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் பாய் சர்க்கரை நிறுத்துக்கொண்டே கேட்டார். "தங்கச்சி, கப்பல் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. புயல்னு மெட்ராஸ்லயும் நிக்குது, கல்கத்தாவுலயும் நிக்குது. உன் கோலி நீந்தியா வந்தாரு?"

தீவில் இருக்கிறவள் கப்பலை மறப்பாளா? நான் மறந்தேன். வீம்பில் கண் தெரியவில்லை.

"முன்னாடியே வந்துச்சு. வேணும்னுதான் காட்டாம வெச்சிருந்தேன்."

"வந்த கவர் எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

பாய் பொட்டலத்தைக் கட்டி என் கையில் கொடுத்தார்.

அந்த வாரமே எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வயர்லெஸ் செய்தி வந்தது. நான்தான் அதை டைப் அடித்தேன். ஸ்டோர் கிளார்க் வேலைக்குப் புது ஆள், அடுத்த கல்கத்தா கப்பலில் வருகிறார், ஃபுட்பால் கோல்கீப்பர். பெயரை இரண்டு முறை படித்தேன். அதே ஒற்றைக் காது. மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊரில் மற்றவர்களுக்கு மானம் கப்பலேறிப் போகும். என்னுடையது கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

எனக்குக் கெட்ட பெயர் வந்தால் வரட்டும், அது என் வாய்க்கொழுப்புக்குக் கூலி. ஆனால் ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற பதினைந்தையும் யார் நம்புவார்கள்? நான்கு பக்கம் எழுதிய மனிதரின் கையெழுத்தையும் நான் போட்டதாகத்தானே சொல்வார்கள்? அதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கப்பல் வந்தது. அடுத்த நாள் பாய் அந்த மனிதரைக் கடைக்கே கூட்டிவந்துவிட்டார். எனக்கும் ஆள் அனுப்பினார். போனேன். கடை வாசலில் கூட்டம். கோல்கீப்பர் ஒல்லியாக, உயரமாக, இரண்டு காதோடும் நின்றார்.

பாய் கண்ணாடியைக் காட்டி, வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி தாதா போட்டு, இந்தியில் கேட்டார். "தாதா, இது உங்க கையெழுத்துதானா? பார்த்துச் சொல்லுங்க."

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். பதினாறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் முகத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"மேரா ஹி ஹை" என்றார். என்னுடையதேதான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் என் மேஜைக்கு வந்து ஒரு கவரை வைத்தார். நான் அனுப்பிய கவர். உள்ளே என் முதல் கார்டு, கையெழுத்து இல்லாமல்.

"ஏன் பொய் சொன்னீங்க, தாதா?" என்று கேட்டேன்.

"மூன்று சீசன் அந்தக் கிளப்பில் இருந்தேன். ஒரு மேட்ச்கூட என்னை இறக்கவில்லை" என்றார், எல்லோரும் பேசுகிற எங்கள் தீவு இந்தியைக் கொஞ்சம் தடுமாறிப் பேசியபடி. "ஆடாதவன் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? வெட்கமாக இருந்தது, அதனால் அனுப்பவில்லை. நேற்று பார்த்தால் அணியோடு நானும் சுவரில் இருக்கிறேன். என்னுடையது இல்லை என்று சொன்னால் என்னை இறக்கிவிடுவார்களே."

திருட்டுத்தனம் செய்தவள் நான், கூனிக் குறுகி நின்றவர் அவர்.

"அந்த வால் எப்படிப் போடுவது? சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

ஸ்டோர் ஃபாரம் ஒன்றின் பின்பக்கத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு என் கார்டில் போட்டார். அன்று முதல் வருகைப் பதிவேட்டிலும் அதே கையெழுத்துதான், உதைத்த பந்தோடு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிபார்ட்மென்ட் டீமில் முதல் ஆளாக அவரை இறக்கினார்கள். ஐந்து கோல் விட்டார். ஐந்தாவது அவர் காலுக்கு இடையிலேயே போனது. ஆனாலும் ஆட்டம் முடிந்து அவர் சிரித்த சிரிப்பை மைதானமே பார்த்தது.

மறுநாள் சர்க்கரை வாங்கக் கடைக்குப் போனேன். பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கோல் விட்டாரு. இறக்கிடுவீங்களா, பாய்?"

"சேச்சே, எதுக்கு? இருக்கட்டும்." பதினாறாவது கார்டை இன்னொரு தரம் துடைத்தார். "ஆட்டம் சுமார்தான். ஆனா உன் கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு, தங்கச்சி."

அன்றைக்குச் சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.