அரைக் கன்னடத்தில் அடைத்த கடன்

எனக்குக் கன்னடத்தில் இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். கீழ்வீட்டு அக்கா தங்கைகளுடன் கண்ணாமூச்சி ஆடும்போது இருபது எண்ணினால் போதும் என்பது விதி. ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், கன்னடம் பேசும் வீட்டுக்காரரின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் கம்பெனி வேலையை நம்பி அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கன்னடத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே சொல் 'கொத்தில்லா'. அதாவது, தெரியாது என்பதை மட்டும் அவர்களால் கன்னடத்தில் சொல்ல முடியும்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. என் கன்னடம் மாடிப்படியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் விளையாடிக் கற்றது. ஒளிந்துகொள்ள, கண்டுபிடிக்க, தின்பண்டம் கேட்க அதில் சொற்கள் இருந்தன. வசவு என்று எடுத்தால் கழுதையும் குரங்கும்தான். அப்படிப்பட்ட கன்னடத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டு கிரெடிட் கார்டு கடன் பேசி முடிக்கப்பட்டது.

கார்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா முதலில் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அதன் வாசலில் குடை விரித்து, மேசை போட்டு, டை கட்டிய ஒரு பையன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கார்டு கொடுத்தான். முதலில் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. பிறகு அம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன். பிறகு அத்தை வீட்டு விசேஷத்துக்குச் சீர். மாதாமாதம் வந்த பில்லில் இரண்டு தொகைகள் இருந்தன. ஒன்று பெரியது, இன்னொன்று 'மினிமம்' என்று போட்ட சின்னது. பெரியது பயமுறுத்துவதற்கு, சின்னது கட்டுவதற்கு என்று அப்பா புரிந்துகொண்டார். இரண்டு வருடம் தவறாமல் சின்னதைக் கட்டினார். பெரியது அதுபாட்டுக்கு வளர்ந்து லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. சின்னதையும் கட்ட முடியாமல் போனது.

போன் வர ஆரம்பித்தது. முதலில் பேசிய ஆள் இந்தியும் இங்கிலீஷும் கலந்து கத்தினான். அதில் அப்பாவுக்குப் புரிந்தது 'ஹோம்', 'பீப்பிள்' என்ற இரண்டு சொற்கள். வீட்டுக்கு ஆள் வரும் என்கிறான். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்கு அப்படி ஆள் வந்து, செருப்போடு படியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியதை அம்மா பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து போன் அடித்தால் அம்மா அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவாள். அரிசிக்குள் புதைந்து போன் பாடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதைத் தோண்டி எடுப்பதும் ஒரு கண்ணாமூச்சிதான்.

ஒரு சனிக்கிழமை அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தோண்டி எடுத்தேன்.

"நிம்ம அப்பா மனேலி இத்தாரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. உங்கள் அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்கிறார். கீழ்வீட்டு அக்கா கேட்பது போலவே இருந்ததால் நானும் உள்ளதைச் சொன்னேன். இருக்கிறார், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறார், லுங்கி கட்டியிருக்கிறார்.

அப்பாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்த வேகத்தில் கட்டில் கிறீச்சிட்டது. போனை வாங்கி, "கொத்தில்லா மேடம், கொத்தில்லா" என்று நான்கு முறை சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். இனிமேல் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன், நீ பள்ளிக்கூடம் போகாத நாளாக இருக்கும் என்று பெங்களூரில் கார்டு ஆபீஸிலிருந்து பேசிய அந்த ஆன்ட்டி சொன்னார். என்னை நம்பி ஒருவர் நேரம் குறித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை தலைசீவி, பொட்டு வைத்து, போன் முன்னால் உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கர் போட்டு நடுவில் வைத்தோம். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. பணம் எப்போது கட்டுவார்கள் என்று ஆன்ட்டி கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்ட முடியாதுன்னு சொல்லுத்தா! கோர்ட்டுக்குன்னாலும் போகச் சொல்லு! என்ன செய்வாகளோ செய்யட்டும்!"

எனக்குத் தெரிந்த கோர்ட் இறகுப்பந்து ஆடுவதற்குக் கீழே சுண்ணாம்பில் போட்டிருந்த கோடுதான். அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மிச்சத்துக்கும் என்னிடம் சொல் இல்லை. "அப்பங்கெ ஸ்வல்ப கஷ்ட அந்தெ ஆன்ட்டி" என்றேன். அப்பாவுக்குக் கொஞ்சம் கஷ்டமாம். ஆன்ட்டி டொக்டொக்கென்று எதையோ டைப் செய்தார்.

பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார். லீகல், நோட்டீஸ் என்றெல்லாம் வந்தது. "லெட்டர் போடுவாங்களாம்ப்பா" என்று சுருக்கினேன். "போடட்டுமே, நல்லதுதானே" என்றார் அப்பா சற்றுத் தணிந்து.

அம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை. "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு துட்டு கேக்குறாளே, இவளுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்கா இல்லையான்னு கேளுடி" என்றாள். இது எளிதாக இருந்தது. ஒரு சொல்லும் விடாமல் அழகாகக் கேட்டேன்: "நிமகெ மக்களு இத்தாரா ஆன்ட்டி?" உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?

அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. ஒரு மகள் இருக்கிறாள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், கணக்குதான் வரவில்லை என்று பதில் வந்தது.

"ஒரு பொண்ணாம்மா. ரெண்டாங் கிளாஸாம். கணக்கு வராதாம்."

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "ரெண்டாங் கிளாஸுக்கு என்ன கணக்கு? தானா வரும்னு சொல்லு" என்றாள். அதையும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை வேறொரு தகராறு. ஆன்ட்டி என்னை வாய்க்கு வாய் 'புட்டி' என்று கூப்பிடுவார். கன்னடத்தில் சின்னப் பெண்ணைச் செல்லமாக அப்படிச் சொல்வது வழக்கம். அப்பா முகம் சிவந்து, "என்னத்தா, புட்டி புட்டிங்குது? நான் குடிகாரன்னு எவனும் போட்டுக் குடுத்துட்டானா?" என்றார். அது நான்தான் என்று விளக்க அவர் இடம் கொடுக்கவில்லை. சத்தியமாக நான் தொடுவதில்லை என்று சொல் என்றார். சொல்லச் சொன்னதைச் சொல்வதுதானே என் வேலை? "நம்மப்பா குடியல்லா ஆன்ட்டி" என்றேன். ஆன்ட்டிக்கு ஒரே இருமல். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

நான்காவது சனிக்கிழமை அவரே ஒரு வழி சொன்னார். இனிமேல் வட்டி ஏறாது, அபராதத்தையும் கழித்துவிடலாம், ஆனால் மாதம் தவறாமல் கட்ட வேண்டும். "ஹதினெண்டு திங்களு. திங்களிகெ ஐது சாவிர."

மாதம் ஐந்தாயிரம் என்று நான் சொல்வதற்குள் அப்பா துள்ளி எழுந்தார்.

"பன்னெண்டா! பன்னெண்டு மாசம் அஞ்சாயிரம்னா அறுபதோட முடிஞ்சுச்சு! சரின்னு சொல்லு! ஏத்தா, சரின்னு சொல்லுத்தா!"

எனக்குச் சந்தேகமாக இருந்தது. கொஞ்சம் இருங்கள் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாமூச்சி எண்ணுவதுபோலவே ஆரம்பித்தேன். ஒந்து, எரடு, மூரு, நாக்கு... கைவிரல்கள் தீர்ந்துபோய்க் கால்விரல்களுக்கு வந்தேன். அப்பா நின்ற இடத்தில் நின்றார். பெங்களூரில் அந்த ஆன்ட்டியும் காத்திருந்தார். ஹதினெண்டு என்று வந்தபோது மூன்றே மூன்று கால்விரல்கள் நீட்டாமல் மிச்சமிருந்தன. குழம்பிப்போய் மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

"பன்னெண்டு இல்லப்பா. பதினெட்டு."

அப்பா உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறாயிரம் என்று அம்மா மனக்கணக்காகச் சொன்னாள். பிறகு, நிஜமாகவே இனிமேல் வட்டி ஏறாதா என்று கேட்கச் சொன்னாள். ஏறாது, கார்டை மட்டும் வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்றார் ஆன்ட்டி. அம்மா எழுந்து போய்ப் பால் கவர் வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தாள்.

"சரின்னு சொல்லு. நானும் வேலைக்குப் போறேன்."

அப்புறம் வந்த ஒன்றரை வருடம் போல எங்கள் வீட்டில் சந்தோஷமான காலம் இருந்ததில்லை. அம்மா பேரிகைப் பக்கத்து ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். பெரிய பெரிய பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வளரும் ரோஜாக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்ட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பூ. காம்பு வளைந்ததும், இதழ் ஓரம் கறுத்ததும் கழிவு. அந்தக் கழிவை அம்மா மடி நிறையக் கொண்டுவருவாள். குடத்தில் ரோஜா, பக்கெட்டில் ரோஜா, ஃபிரிட்ஜில் காய்கறி குறைந்துவிட்டதால் அங்கேயும் ரோஜா. நான் முழநீளக் காம்போடு பள்ளிக்கூடம் போய் எல்லா டீச்சருக்கும் கொடுத்தேன். நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று நான் முடிவுசெய்திருந்தேன். இல்லாவிட்டால் எதற்கு இத்தனை பூ?

ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வேலைக்குப் போனார். அம்மா வரத் தாமதமாகும் நாட்களில் அவரே சமைத்தார். அவருக்கு வந்தது தக்காளிச் சாதம் ஒன்று. அதை ஒவ்வொரு நாளும் புதுப் பெயர் சொல்லிப் பரிமாறினார். மாதம் பிறந்ததும் பணம் கட்டிவிட்டு வந்து, சுவரில் மாட்டிய காலண்டரில் ஒரு ரோஜா இதழை ஒட்டுவார். சனிக்கிழமைகளில் எப்போதாவது ஆன்ட்டி கூப்பிடுவார். வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு என் படிப்பை விசாரிப்பார். அவர் மகளுக்குக் கழித்தல் வந்துவிட்டது, வகுத்தல் வரவில்லை.

பதினெட்டாவது இதழ் ஒட்டிய வாரம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை மேடத்திடம் நானே கன்னடத்தில் பேசுவேன், சொல்லிக் கொடு என்றார். "தும்ப தேங்க்ஸ் மேடம், ஊட்டக்கெ பன்னி" என்று சொல்லிக் கொடுத்தேன். ரொம்ப நன்றி, சாப்பிட வாருங்கள்.

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். "யாரத்தா? அந்த மேடத்தையா பன்னிங்கச் சொல்ற?"

"கன்னடத்துல அப்படித்தான்ப்பா. பன்னின்னா வாங்கன்னு அர்த்தம்."

"இருக்கட்டும். நல்லது செஞ்சவுகள வாய் கூசாம எப்படிச் சொல்றது?"

அம்மா சிரித்துச் சிரித்து ரோஜாக் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். மூன்று நாள் ஒத்திகை நடந்தது. முதல் பாதி நன்றாக வந்தது. பன்னியில் வந்து நின்றுவிடுவார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. கணக்கு முடிந்துவிட்டது, கடிதம் தபாலில் வரும் என்றார் ஆன்ட்டி. அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தொண்டையைச் செருமினார். "தும்ப தேங்க்ஸ் மேடம். ஊட்டக்கெ..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, வியர்த்து, "ஊட்டக்கெ... வாங்க" என்று முடித்துவிட்டார்.

போனில் சிரிப்புச் சத்தம். அதற்குப் பின்னால் ஆன்ட்டியின் குரல்.

"கண்டிப்பா வரேங்கண்ணா. எங்களுக்கும் ஊரு ஓசூர்ப் பக்கம் உத்தனப்பள்ளிதானுங்க, தூரமில்ல. அக்கா பக்கத்துல இருக்காங்களா? எம்பொண்ணு மூணாவது போயிட்டா, அக்கா சொன்ன மாதிரியே கணக்கு தானா வந்துருச்சுன்னு சொல்லுங்க."

நல்ல தமிழ். எங்களைவிடத் தெளிவான தமிழ்.

நான் கைதட்டிக் குதித்தேன். அப்பாவும் அம்மாவும் ஏனோ குதிக்கவில்லை. அப்பா வாயைத் திறந்தபடி போனையே பார்த்தார். அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக அவள் சிரிப்பதும் தெரிந்தது, கண்ணீர் வழிவதும் தெரிந்தது. கடன் தீர்ந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்தது வேறு சந்தோஷம். ஒன்றரை வருடம் என்னோடு பேசிப் பேசியே அந்த ஆன்ட்டி தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார்! கீழ்வீட்டுக்கு ஓடிப்போய், நான் ஒரு பெங்களூர் ஆன்ட்டிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன்.

அவர் டைப் செய்துகொண்டிருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான். ஒவ்வொரு அழைப்பிலும் கடன் வாங்கியவர் என்ன சொன்னார் என்று எழுதிவைக்க வேண்டுமாம். கட்ட முடியாது என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும். எழுதினால் அந்தக் கணக்கு வேறு கைக்குப் போகும், வீட்டுக்கு ஆள் வரும். கொஞ்சம் கஷ்டமாம் என்று எழுதினால், தவணை போட்டுக் கொடுக்க இடமிருக்கிறது.

கணக்கு முடிந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"நாம வஞ்சது அம்புட்டையும் கேட்டிருக்கு."

"கேட்டுமா, நம்ம புள்ள சொன்னத எழுதிக்கிருச்சு?" என்றாள் அம்மா.

என் கன்னடத்தின் மேல் அந்த ஆன்ட்டிக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து, இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கித் தின்றேன்.