அட்டைப்படம்

கல்யாணம் முடிந்து இருபத்து மூன்றாம் நாள், உக்குவளையில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு மணப்பெண் சர்மிளா தனியாக வந்து நின்றாள். ஆல்பம் இன்னும் டிசைனில்தான் இருந்தது.

"அண்ணே, எல்லாப் படத்துலயும் அவர வெட்டி எடுத்துருங்க."

"எவர?"

"மாப்பிள்ளையத்தான். நாளைக்கு மாத்தளைக்குப் போயி டிவோர்சுக்கு லோயரப் பாக்கப் போறேன்."

முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். எடிட்டில் வியர்வையை வெட்டியிருக்கிறேன், தொப்பையை வெட்டியிருக்கிறேன், கூப்பிடாமல் ஃபிரேமுக்குள் நுழைந்த மாமாக்களை வெட்டியிருக்கிறேன். மாப்பிள்ளையை வெட்டியதில்லை. அவனை எடுத்துவிட்டால் தாலி அந்தரத்தில் அல்லவா தொங்கும்!

குடித்தானா, அடித்தானா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லையாம்.

"ப்ரீஷூட்டுல எப்புடி இருந்தாரு! கண்ணையே பாத்தாரு, முடிய ஒதுக்கி விட்டாரு, காதுல என்னமோ முணுமுணுத்துச் சிரிச்சாரு. இப்ப வேல விட்டு வந்தா டீயக் குடிச்சிட்டுப் போனப் பாத்துக்கிட்டு இருக்காரு. அன்னிக்கி நடிச்சு ஏமாத்திட்டாருண்ணே." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பேசிச் செய்த கல்யாணம் அது. கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்திருந்ததே ஜோடியாகப் படம் எடுத்த அந்த ப்ரீஷூட்டில்தான். மாப்பிள்ளை தினேசுக்குப் போன் போட்டேன். ஹாட்வெயார் கடையில் வேலை. கையில் பெயின்ட் கறையோடு ஓடி வந்தான்.

"அண்ணே, நீங்கதானே 'கண்ணப் பாருங்க, முடிய ஒதுக்குங்க'ன்னீங்க? நீங்க சொன்னீங்க, செஞ்சேன். வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலியே!"

"காதுல என்ன சொன்னீங்க?" என்றாள் சர்மிளா.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அண்ணன்தான் எண்ணச் சொன்னாரு."

"சொல்லித்தான் செய்யணும்னா அது என்ன பாசம்?" என்று சீறினாள்.

ஆக, அந்தப் பிள்ளை மயங்கியது என் டைரக்ஷனில். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வேறு வழி தெரியாமல், கழித்துப் போட்ட படங்களின் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் எடுத்த டெஸ்ட் ஷாட் ஒன்று வந்தது. ஃபோகஸ் கூடச் சரியில்லை. ஈரப் புல்லில் வாடகைக் கோட்டோடு மண்டியிட்டிருக்கிறான் தினேஸ். அவள் பாதம் அவன் தொடைமேல். அதில் கடித்திருந்த அட்டையைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடுங்குகிறான்.

"இதுவும் நீங்க சொல்லித்தானாண்ணே?"

"இல்லம்மா. லைட் பாக்கச் சும்மா அமுக்குனேன். இப்பத்தான் ஒழுங்காப் பாக்குறேன்."

அவனிடம் திரும்பினாள். "கண்ண ஏன் மூடுனீங்க?"

"எனக்கு அட்டைன்னாலே பயம்."

சர்மிளா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "அண்ணே, இதையே ஆல்பத்துக்கு அட்டைப்படமாப் போடுங்க."

"அது அட்டைப் படந்தாம்மா," என்றேன்.

லோயரைப் பார்க்க அவள் போகவில்லை. புதிதாகக் கேமரா தூக்குகிறவர்கள் லென்ஸைத் துடைக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. ப்ரீஷூட் தொடங்குமுன் நான் இப்போது மணப்பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்: "தங்கச்சி, இன்னிக்கி அவரு செய்யிறது பூரா நான் சொல்லித்தான். நாளைக்கு வீட்டுல நான் இருக்க மாட்டேன். வேணுங்கிறத நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும்."