சுதி ஏத்துற வாத்தியார்

என் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவரைக் குடிகாரர் என்று ஊருக்குச் சொன்னவன் நான். சொன்னபோது அது வெறும் சந்தேகம். அவர் குடிக்கிறவர் இல்லை என்பது மறுநாளே எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் செய்ததைவிட இரண்டாவதாகச் செய்ததுதான் இந்த வயதிலும் என்னை விடாமல் இருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டை பஜாரில் எங்களுக்கு நூல் கடை. மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டுத் தகப்பனார் கடையிலேயே உட்கார்ந்தவன் நான். அந்த வரிசையில் காலேஜ் படித்தவன் நான் ஒருவன்தான். கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும் ஆபீஸுக்கு மனு எழுதுவதானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் ஒன்றைச் சொன்னால் விசாரித்துத்தான் சொல்வேன் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் பிறகு நான் பயன்படுத்தினேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடுவாள். என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

“என்னங்க, பிள்ளை பாடுறதைக் கேட்டீகளா?”

“கேட்டேன். அதுக்கு?”

“அதுக்கு ஒரு வாத்தியார் வைக்கணும். கணக்குக்கு வச்சீகல்ல, அது மாதிரி.”

பெரியப்பா அப்போது வீட்டில் இருந்தார். “எந்த மேடைல ஏத்தப் போறீக?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்ப எழுந்துபோனார். அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. எங்கள் உறவில் அதுவரை யாரும் பெண்பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் வைத்ததில்லை. யாரிடம் விசாரிப்பது, என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நிற்கிறவனுக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரியும் போல.

கிடைத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவிக்குத் திருச்சுழி ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். அந்த அம்மாவுக்கு மாற்றலானதால் இவரும் கூட வந்திருந்தார். பெண்டாட்டி சம்பளத்தில் இருக்கிற ஆம்பிளை என்று அப்போதே என் மனதில் ஒரு புள்ளி விழுந்தது. ஒரு காலத்தில் கச்சேரி செய்தவராம், தொண்டை கெட்டுப்போய் நிறுத்திவிட்டாராம். ‘எதனால் கெட்டது?’ என்று இரண்டாவது புள்ளி.

விஜயதசமி அன்று ஆரம்பித்தோம். தேங்காய், பழம், வேட்டி வைத்துத் தட்டை மகள் நீட்டினாள். மதுரையிலிருந்து நான் வாங்கிவந்த சுருதிப் பெட்டியை அவர் திறந்து துருத்தியை மெல்ல அசைத்தார். ரீங்காரம் வந்தது. “இதுக்குள்ள போய் உக்காந்துக்கணும் பாப்பா. வீட்டுக்குள்ள போற மாதிரி. ஸா சொல்லு,” என்றார். மகள் சொன்னாள். அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவர் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் திருச்சுழி பஸ்ஸில் வருவார். என் சிபாரிசில் இன்னும் மூன்று வீடுகள் கிடைத்தன. மாதங்கள் போயின, பிள்ளைக்கு ஒரு பாட்டும் வரவில்லை. எல்லாம் ஸரிகமபதநி. உறவுக்காரர்கள் வந்தபோது மனைவி பெருமையாகப் பாடச் சொன்னாள். மகள் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வரிசை வரிசையாகச் சுரம் பாடினாள். “என்னம்மா, வாய்ப்பாடா ஒப்பிக்கிற?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பாடம் ஜண்டை வரிசை என்று அவள் சொன்னதும், “சண்டை வேற சொல்லித் தாராரா!” என்று இன்னொரு சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. இந்த ஆள் வேண்டுமென்றே இழுக்கிறாரோ என்று நினைத்தேன்.

தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம் எடுப்பார். எதிர் வரிசை முழுக்கத் தறிகள். அந்தச் சத்தத்தில் சுருதி காதில் விழாது என்பது அவர் சொன்ன காரணம். சரியான காரணம்தான். ஆனாலும் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்துகொள்வேன். பக்கம் புரட்டமாட்டேன். மகளின் குரல் என்னைப் பார்த்ததும் சுருங்கிவிடும்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார், தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க இருந்தா பாப்பா வாயே திறக்க மாட்டேங்குது. அந்த நேரம் கடைல இருந்துட்டு வாங்களேன்.”

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் கடைக்குப் போனேன். போன முதல் நாள் திரும்பி வந்ததும் மகளைக் கேட்டேன்.

“இன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“சாரு பையிலருந்து பாட்டில் எடுத்துக் குடிச்சாகப்பா. அப்புறம் சுதி ஏத்துனாக. அதுக்கப்புறம் நல்லாப் பாட வந்துச்சு.”

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் பஜாரில் ‘சுதி ஏத்துறது’ என்றால் ஒரே அர்த்தம்தான். மதுவிலக்கு இருந்த காலம். ஊருக்கு வெளியே ஓடைப் பக்கம் போய்விட்டுத் தள்ளாடி வருகிறவனைப் பார்த்து, “ஏலே, சுதி ஏத்திட்டியா?” என்பார்கள். சுருதி என்பதற்குச் சங்கீதத்தில் வேறு பொருள் உண்டென்று தெரியாதவன் இல்லை நான். பெட்டியை வாங்கிவந்தவனே நான்தான். ஆனால் ஒன்பது மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த புள்ளிகளுக்கு அந்தப் பொருள்தான் பொருந்தியது.

மறுநாள் கடையில் நாலு பேர் இருந்தார்கள். அடுத்த கடை அண்ணாச்சி, “என்ன அண்ணாச்சி, பாட்டு வாத்தியார் எப்படி?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“பாட்டில் இல்லாம வாத்தியாருக்குப் பாட்டு வராது போல. சுதி ஏத்திட்டுத்தான் பாடமே,” என்றேன்.

கடை அதிரச் சிரித்தார்கள். நான் சொன்னது நன்றாக அமைந்துவிட்டதில் எனக்கும் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அதற்கடுத்த நாள் பாட நாள். வேண்டுமென்றே வீட்டில் இருந்தேன். அவர் கை கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது, அவருடைய துணிப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி முகர்ந்தேன். ஆடாதோடை, அதிமதுரம், சுக்கு. என் அம்மா இருமலுக்குக் காய்ச்சித்தந்த அதே கஷாயம். ஒரு துளி நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். ஆடி மாதக் காற்றில் எங்கள் ஊர்ப் புழுதி அவர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். விஜயதசமியன்று நான் பார்த்த கண் சிவப்பும் பஸ் புழுதியால்தான் இருக்கும். மூடியை இறுக்கி, பையில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிட்டு வந்து பேப்பரை விரித்தேன்.

அன்றைக்கே கடைக்குப் போய், ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். போனேன். ஆனால் சொல்லவில்லை. விசாரித்துப் பேசுகிறவன் என்ற பெயர் தடுத்தது.

ஒரு வாரத்தில் மற்ற மூன்று வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன. பஸ்ஸில் கண்டக்டரே, “சுதி ஏத்துற வாத்தியாரா? பின்னால போங்க,” என்றானாம். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவர் அவரை நிறுத்திப் பையைச் சோதித்து, அந்தக் கஷாயத்தை எல்லோர் முன்னாலும் மண்ணில் கவிழ்த்தார். வாசனை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கூட்டம் கூடிவிட்ட பிறகு யாருக்கும் வாசனை பார்க்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். சட்டையில் கறை. குரல் கட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“சார், ஒன்பது மாசமா உங்க வீட்டுக்கு வரேன். என்கிட்ட ஒரு நாளாவது வாடை வந்திருக்கா?”

“இல்ல.”

“அதை பஜார்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க. இல்லன்னா இந்த ஊருக்குள்ள நான் கால் வைக்க முடியாது. என் வீட்டுக்காரிக்கும் ஆஸ்பத்திரில தலையிறக்கம்.”

“சொல்றேன்,” என்றேன். “பாக்கலாம்.”

அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். உள்ளே மகள் நோட்டோடு காத்திருந்தாள். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு வரவும் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

நாலைந்து நாள் மகள் சாப்பிடாமல் அடம்பிடித்தாள். மனைவி பொறுமையிழந்து, “நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இது எதுவும் நடந்திருக்காதுடி. பாட்டில், சுதின்னு நீதான ஒங்கப்பாகிட்ட சொன்ன?” என்று கத்தினாள். நான் கூடத்தில் இருந்தேன். காதில் விழுந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வருஷம் போயிற்று. இடையில் மதுவிலக்கை எடுத்து, ஊருக்கு ஊர் சாராயக் கடை திறந்து, மறுபடி மூடினார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். “பாட வருமா?” என்று கேட்டார்கள். “வராது,” என்றாள் அவள், தலையைக் குனியாமல். மனைவி சமாளிப்பதற்காக, “ஆரம்பிச்சோம். வந்த வாத்தியார் குடிக்கிற ஆளு, நிறுத்திட்டோம்,” என்றாள். அவளுக்கு அதுதான் உண்மை. நான் சொன்ன சொல் என் வீட்டிலேயே, விருந்தாளிகளுக்குக் காப்பியோடு கொடுக்கும் பேச்சாகியிருந்தது. நான் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

மறுநாள் திருச்சுழி ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன். அந்த நர்ஸம்மா மானாமதுரைப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார்கள். தேடிப் போனேன். அவர் நன்றாக நரைத்திருந்தார். உள்ளே இரண்டு பிள்ளைகள் சுரம் பாடிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டிலை முகர்ந்தது வரை.

அவர் சொன்னார். “யாரு கிளப்பிவிட்டாங்கன்னு நான் விசாரிக்கவே இல்லை சார். ஆனா யார்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன், அது மறக்கலை.”

“மன்னிக்கணும்.”

“நான் குடிக்கலைங்கிறது எனக்குத் தெரியும். எனக்கு எதுக்கு வந்து சொல்றீங்க? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க.” உள்ளே ஒரு பிள்ளை சுருதி விலகிப் பாடியது. “இருங்க, பிள்ளை தப்பாப் பாடுது,” என்று போய்விட்டார். திரும்ப வரவில்லை.

சொன்னேன். அதே கடையில், அதே அண்ணாச்சியும் இன்னும் சிலரும் இருக்கும்போது, எழுந்து நின்று சொன்னேன். முதலில் யாருக்கும் ஆள் யாரென்றே பிடிபடவில்லை. பிறகு, “அந்தக் குடிகார வாத்தியாரா?” என்றார் ஒருவர்.

“குடிக்காத வாத்தியார். நான் பொய் சொன்னேன்.”

அண்ணாச்சி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “விடுங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு எளகுன மனசு. குடிகாரனைக்கூட விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீக.” மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். நான் மறுபடி சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன். என் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்ன பொய்யை ஒரே தடவையில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது என்னைத்தான் பாராட்டினார்கள்.

நடந்ததை அப்படியே அவருக்குக் கடிதமாக எழுதினேன். அவர் மனைவியின் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. “கடிதம் படித்துக் காட்டினேன். சரி என்றார். இனி எழுத வேண்டாம்.” அவ்வளவுதான்.

கார்டைத் தபால்காரரிடம் வாங்கியவள் மகள். படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, “என்னப்பா இது?” என்றாள். அவளிடமும் முதலிலிருந்து சொன்னேன். கடையில் சொன்ன வேடிக்கைப் பேச்சு, பாட்டில், கஷாயம், அவர் வந்து நின்றது, நான் ‘பாக்கலாம்’ என்றது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப நான் சொன்னதால இல்லையாப்பா?” என்று கேட்டாள்.

எட்டு வருஷமாக அந்தப் பாரத்தை ஒரு பிள்ளை சுமந்திருக்கிறது, நான் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இல்லம்மா. நீ பார்த்ததைச் சொன்ன. நான்தான்.”

அவள் உள்ளே போனாள். பரணிலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. பாடப் போகிறாளோ என்று காத்திருந்தேன். பாடவில்லை. தூசி தட்டி, துணியில் சுற்றி, மானாமதுரைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று தன் அம்மாவிடம் கேட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.