இரங்கல் வரி

வாஷிங் மெஷின் கம்பெனியில், வாடிக்கையாளர்களுக்கு ஏஐ எழுதும் பதில்களைப் படித்துப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. அன்று ஒரு பெண், வீட்டுக்காரர் இறந்துவிட்டதால் மெஷின் வேண்டாம் என்று எழுதியிருந்தாள். 'உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்' என்று தொடங்கியது ஏஐயின் பதில். அந்த வரியை அழித்துவிட்டு, 'ஆர்டரை ரத்து செய்துவிட்டோம். இது பற்றி இனி யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்' என்று மட்டும் எழுதினாள்.

"ஏம்மா எடுத்தீங்க? நல்லாத்தானே இருந்தது?" என்றார் பின்னால் நின்று பார்த்த மேனேஜர்.

"எனக்கும் அதே வரிதான் சார் வந்தது, பேங்க்லேருந்து. எழுதினது மனுஷங்க யாரும் இல்லை."

அவர் அவள் எழுதியதை இன்னொரு முறை படித்தார். "சாவு விஷயம் இனிமே ஏஐகிட்ட போக வேண்டாம். நீங்களே எழுதிடுங்க."

"சரி சார்" என்று அடுத்த புகாரைத் திறந்தாள். யாருடைய மெஷினிலோ தண்ணீர் ஒழுகியது.