கஞ்சி போட்ட கவசம்

கவசம் என்றால் இரும்பில்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால், சித்தி கவசம் செய்யப்போகிறாள் என்று தெரிந்த மறுநாளே காலை இடைவேளையில் வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேரிடம் மதியம் சொன்னேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கவசம் செய்கிற சித்தி கிடையாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகித் திண்டிவனம் போனவள், அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் விருந்தாளி இருந்தால் மீன் குழம்பு அடிக்கடி கொதிக்கும் என்பதோடு என் அக்கறை முடிந்துவிட்டது.

சித்தப்பா கூட வராததுதான் எனக்குக் குறை. எனக்குச் சித்தப்பாவை ரொம்பப் பிடிக்கும். என்னை பைக்கின் முன்னால் உட்காரவைத்து, ஹாரனை நானே அடிக்கலாம் என்று விட்டுவிடுவார்.

சித்தி கல்லூரியில் வரலாறு படித்தவள். அவளுக்குப் பாடம் எடுத்த அம்மையார் ஒருநாள் போன் செய்தார். கல்லூரியில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். ராஜாக்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்களாம். ஆனால் இந்தக் கோட்டைகளில் ராஜாவுக்காக நின்று அடிபட்ட சாதாரணச் சிப்பாய் உடம்பில் என்ன போட்டிருந்தான் என்று கண்டுபிடித்து, அதைச் செய்துகாட்ட முடியுமா என்று கேட்டாராம். சித்தி போனை வைத்தாள். பிறகு எழுந்து தலை வாரிக்கொண்டாள். வந்ததிலிருந்து அவளாக எழுந்து தலை வாரியதை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் சித்தியும் நானும் கோட்டைக்குப் போவோம். ராஜகிரி மலைமேல் ஏற வேண்டும் என்று நான் அடம் பிடிப்பேன். அவளோ கீழே இருக்கும் கோயில் வாசலிலேயே நின்று, சுவரிலுள்ள சின்னச்சின்னச் சிற்பங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பாள். குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஒருநாள் மூக்கு உடைந்த ஒரு சிப்பாயின் முன்னால் அப்படியே குந்திவிட்டாள். அவன் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"பாருடி, இது தையல்! இரும்பா இருந்தா எவனாச்சும் இப்பிடிக் கட்டம் கட்டமா செதுக்குவானா?"

"அப்ப இன்னா அது?"

"துணி. அடுக்கடுக்கா வெச்சித் தெச்ச துணி. இந்த வெயில்ல இரும்ப மாட்டிக்கினு நின்னா வெந்துடுவான் இல்ல?"

கடல் கடந்து வந்த பயணிகளும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்பு பட்டாலும் அந்தத் துணியில் சிக்கி நின்றுவிடுமாம்.

"அப்ப அது மெத்தையா சித்தி?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கவசத்தைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றினேன்.

சித்தி செய்த முதல் கவசக் கோட்டு உண்மையிலேயே மெத்தையாகத்தான் போயிற்று. இரண்டு துணிக்கு நடுவே பஞ்சைத் திணித்து சித்தி கையாலேயே தைத்தாள். தூக்கி மாட்டியதும் பஞ்சு முழுவதும் இறங்கி இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மா, காய் நறுக்கும் கத்தியால் அதைக் குத்திப் பார்த்தாள். கத்தி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

இரண்டாவதற்குப் பஞ்சே வேண்டாம் என்று முடிவானது. நைனாவின் பழைய வேட்டிகள், அம்மாவின் நூல் புடவைகள், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய போர்வைகள் என்று எல்லாவற்றையும் கத்தரித்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாடியில் காயவைத்தாள். கஞ்சி இறுகினால் துணி பலகைபோல ஆகும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் கஞ்சி பிடிக்கும் என்பதுதான் அதில் சேரவில்லை. எங்கள் மாடிப்படிக்குக் கதவு கிடையாது. நாங்கள் போய்ப் பார்த்தபோது வலது தோள் முழுவதும் ஆட்டின் வயிற்றுக்குள் போயிருந்தது. அம்பு துளைக்காத கவசத்தை ஆடு தின்றுவிட்டது என்று தெருவே சிரித்தது. சித்தியும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு புடவை வீணாய்ப் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கோட்டுக்குக் கஞ்சியில் வேப்பிலையை அரைத்துக் கலந்தாள். அந்த நாற்றத்துக்கு ஆடு மாடிப்படிப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாள் நானும் போகவில்லை.

என் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்து, சுற்றுவட்டாரக் களங்களிலிருந்து ஏலம் விடும் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றுவார். நல்ல மனிதர். ஏற்றிய சரக்கை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டால் உலகத்தில் பிரச்சினையே இல்லை என்று நம்புகிறவர். சித்தியும் அவருக்கு அப்படித்தான், தவறான இடத்தில் இறக்கிய மூட்டையாகத் தெரிந்தாள். ஒருநாள் காலையில் வண்டி கழுவும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் கை நீட்டுனது தப்புதான். நான் இல்லன்னல. ஆனா எந்த வூட்ல இல்ல? எத்தினி நாளைக்கு இங்கியே வெச்சிக்கினு இருக்க முடியும்? ஊரு இன்னா பேசும்? நான் போன் பண்ணி வரச் சொல்றேன். வந்து கூட்டிக்கினு போவட்டும்."

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சித்தப்பா எதற்கோ கையை நீட்டியிருக்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் வகுப்பு டீச்சர்கூடத் தினமும் கையை நீட்டச் சொல்வார். நீட்டாவிட்டால்தான் தப்பு. இதற்குப் போய்ச் சித்தி கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று நினைத்தேன். சித்தப்பா வரப்போகிறார் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்தக் கோட்டு நைனாவையும் சும்மா விடவில்லை. அத்தனை அடுக்குத் துணியைத் தைக்கச் சித்தியின் ஊசி வளைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வண்டியிலிருந்து சாக்கு தைக்கும் கோணி ஊசியைக் கொண்டுவந்தார். "தள்ளு பாப்பா" என்று உட்கார்ந்தவர் விலாப்பக்கம் முழுவதையும் தைத்து முடித்துத்தான் எழுந்தார். சித்தியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தைத்ததை வைக்கோல் அடைத்த சாக்குக்கு மாட்டி, முருங்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். நைனா கத்தியால் குத்தினார். முனை கொஞ்சம் உள்ளே போய் நின்றுவிட்டது. அரிவாளால் ஒரு வெட்டு வெட்டினார். மேலே இரண்டு மூன்று அடுக்குதான் கிழிந்தது. "அடேங்கப்பா!" என்று அவர் அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்ததுபோல.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து நைனா அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. சித்திக்கு மட்டும் எதுவும் தெரியாது. சாக்கிலிருந்து கோட்டைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டாள். முழங்கால்வரை தொங்கியது. பக்கவாட்டு நாடாக்களை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒரு தடிக்கம்பை எடுத்து நைனாவிடம் நீட்டினாள்.

"அடிங்க மாமா."

"இன்னா பாப்பா வெளையாட்டு இது?"

"கத்தி உள்ள போவலன்னு தெரிஞ்சிபோச்சி. ஆனா அடி உள்ள போவும் இல்ல? வலிக்குதான்னு சாக்கு சொல்லுமா? ஆள் போட்டாத்தான தெரியும். முதுகுல ஓங்கி ஒண்ணு போடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திரும்பி முதுகைக் காட்டி நின்றாள். நானும் "போடு நைனா, போடு!" என்று குதித்தேன். நைனா தயங்கித் தயங்கிக் கம்பைத் தூக்கினார். தரையில் அதன் நிழல் எழுந்ததைச் சித்தி பார்த்திருக்க வேண்டும்.

அவளுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. உடம்பு அப்படியே சுருண்டு, மரத்தோடு ஒண்டிக் குந்திவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. கம்பு இன்னும் மேலேயேதான் இருந்தது, அவள்மேல் படவே இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த விளையாட்டைக் கெடுத்துவிட்டாள்.

"அழுகுணி ஆட்டம் ஆடுற சித்தி! கோட்டு முதுகுலதான இருக்குது? தலைய ஏன் மறைக்கிற?"

சத்தம் கேட்டு வந்த அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். நைனா கம்பைக் கீழே போடவில்லை. முருங்கை மரத்தில் மெதுவாகச் சாய்த்துவைத்தார், தூங்குகிற யாரையோ எழுப்பிவிடாமல் வைப்பதுபோல. சித்தி மெல்ல எழுந்தாள். "ஐயோ, தெரியாம பண்ணிட்டேன் மாமா. இன்னொரு தடவ அடிங்க. இப்ப ஒழுங்கா நிக்கறேன்" என்றாள்.

"வேணாம் பாப்பா" என்றார் நைனா. அவர் குரல் வேறு யாருடைய குரலோபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் இறங்கினார்கள். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் நாற்காலி போட்டார்கள். சித்தி கோட்டைக் கழற்றப் பார்த்தாள். முடிச்சு வியர்வையில் இறுகிப்போய் அவிழவில்லை. அப்படியே வந்து நின்றாள். சித்தப்பாவின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா இது, மெத்தையக் கட்டிக்கினு நிக்கிற?"

யாரும் சிரிக்கவில்லை. அவரே பேசிக்கொண்டு போனார். "ஆம்பளன்னா கோவம் வரத்தான் செய்யும். மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டான் எம் புள்ள. சின்ன விஷயத்தப் பெரிசு பண்ணிக்கினு எத்தினி மாசம்?"

சித்தப்பா சிரித்த முகமாகவே இருந்தார். "சரி, போதும். ஆட்டோ நிக்குது. கெளம்பு" என்றார்.

"நான் வரல" என்றாள் சித்தி.

"இன்னா?"

"வரல."

சித்தப்பா எழுந்தார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பார்த்திராத ஒரு முகம் அது. சித்தியை நோக்கி ஓர் அடி வைத்தார். நைனா தன் நாற்காலியைத் தூக்கினார், இரண்டு பேருக்கும் நடுவே போட்டார், அதில் உட்கார்ந்துகொண்டார்.

"பாப்பா வரலன்னுது" என்றார்.

"நீங்கதானண்ணே போன் பண்ணி வரச் சொன்னீங்க?"

"ஆமா, நான்தான் பண்ணேன். அது என் தப்பு. இப்ப நான்தான் சொல்றேன், அது வராது. நீங்க கெளம்புங்க."

காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அதைக் கொண்டுவராமலே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அதுவரை காபி குடிக்காமல் போனதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சொன்ன சொல் மாறக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த நைனாவே கூப்பிட்டுவிட்டு மாற்றிப் பேசுகிறாரே என்றும் இருந்தது. சித்தப்பாவின் அம்மா வாசல்வரை எதையெதையோ கத்திக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோ கிளம்புவதற்குள் சித்தப்பாவிடம் சொன்னேன்:

"சித்திக்குக் கோட்டு வேல இன்னும் பாக்கி இருக்குது சித்தப்பா. அதான் வரலன்னுது. காலேஜ்ல கண்காட்சி வெப்பாங்க, நீங்களும் அங்க வாங்க!"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அம்மா வந்து என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், மூச்சு முட்டுகிற அளவுக்கு. உள்ளே நைனா தரையில் உட்கார்ந்து, சித்தியின் இடுப்பு முடிச்சைக் கோணி ஊசியால் நெம்பி நெம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சிக்கு நாங்கள் எல்லோரும் குட்டியானையில்தான் போனோம். வண்டியின் பின்பக்கம் கோட்டுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் நானும் அம்மாவும் உட்கார்ந்துகொண்டோம். கல்லூரிக் கூடத்தில் அதை ஒரு மரச்சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் மூக்கு உடைந்த சிப்பாயின் படம். வந்தவர்கள் எல்லோரும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு பையன்கள் முஷ்டியால் குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டார்கள். சித்தி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, கஞ்சி எப்படிக் காய்ச்சினாள், ஆடு எப்படித் தின்றது என்பதையெல்லாம் சொல்லச் சொல்லக் கூட்டம் நகரவே இல்லை. அவளுக்குப் பாடம் எடுத்த அம்மையார், மேலே படிக்க எழுதிப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நைனா தான் தைத்த விலாப்பக்கத்தை நாலைந்து பேருக்காவது காட்டியிருப்பார்.

நான் மட்டும் கூடத்தின் வாசலிலேயே நின்றிருந்தேன். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகும் சித்தப்பா வரவில்லை. கூட்டம் கலைந்ததும் சித்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"இங்க இன்னாடி பண்ற? உள்ளதான் எல்லாரும் இருக்காங்க."

"சித்தப்பாவ வரச் சொல்லியிருந்தேன் சித்தி. வரவேயில்ல."

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே காலியாகக் கிடந்த தெருவை, அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்தாள்.

"வர மாட்டாரு" என்றாள். ஒரு பெருமூச்சு விட்டாள். முகம் அப்படியே தெளிந்திருந்தது.

பாவம், எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தாளோ, வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"கவலப்படாத சித்தி. அடுத்த தடவ கண்டிப்பா வந்துடுவாரு."