கொக்கி இல்லாத வீட்டுக்கு வந்த ஊஞ்சல்

கல்யாணத்துக்கு என்னென்ன பரிசு வேண்டும் என்று இணையத்தில் பட்டியல் போட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் மதுரைக்கும் வந்துவிட்டது. நானும் போட்டேன். மதியத் தூக்கக் கலக்கத்தில், வைகைக் காற்று வீசும் பெரிய கூடம் ஒன்றை நினைத்துக்கொண்டே, மிக்ஸி, குக்கரோடு ஒரு தேக்கு ஊஞ்சலையும் சேர்த்துவிட்டேன்.

திருமங்கலத்தில் இருக்கும் என் தாய்மாமா அதைத்தான் சீராக வாங்கி அனுப்பினார்.

நாங்கள் குடிபோனதோ கோச்சடையில் ஒற்றை அறை மாடி வீடு. கூரையில் கொக்கி இல்லை. "ஆணி அடிக்கவே விட மாட்டேன், இதுல ஊஞ்சலா?" என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். பித்தளைச் சங்கிலிகள் சாக்குக்குள்ளேயே கிடந்தன. மாமா வந்து பார்த்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம் விடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டார்.

"ஊஞ்சல எங்க மாட்டிருக்க தாயி?"

சுவரைக் காட்டினேன். மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இம்புட்டுதானா? வா, பக்கத்துல உக்காரு. வீடு கட்டினப்பறம் ஆடிக்கிரலாம்."

இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுகிறேன். ஆனாலும் சாயங்காலம் அந்தப் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடினால், தரை மெல்ல ஆடுகிறது.